அடுத்த கம்பம் வரைக்கும்

ஓட்டத்துக்கு ஷூ வாங்குகிறவர்கள் தங்கள் அளவைவிட அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் பாதம் வீங்கும். அளவெடுத்த மாதிரி ஷூ போட்டிருந்தால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்துவிடும். நேற்றிலிருந்து பார்க்கிறேன் மேடம், நீங்களும் வலது குதிகாலை ஷூவிலிருந்து வெளியே எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறீர்கள். அடுத்த முறை வாங்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று என் தம்பி சொல்லி அனுப்பியிருக்கிறான். ஒளித்து வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? நான் செய்ததை நானே சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். இடையில் மட்டும் நிறுத்தாதீர்கள், அது எனக்குப் பிடிக்காது.

இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பயிற்சிக் காரில் எனக்கும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்காமல் இருப்பதுதான் என் தொழில் ரகசியம். எதிரே லாரி வந்தால் பக்கத்தில் இருப்பவர் அலறுவார், கையை எடுத்துவிடுவார். நான் வெளியே வேடிக்கை பார்ப்பேன். இரண்டாவது வாரம் அவரே ஓட்டுவார். பயந்தவனுக்காக நாம் நிறுத்தினால் அவன் ஆயுசுக்கும் பயந்தவனாகவே இருப்பான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓட்டக் குழு ஆரம்பித்தேன். முதல் மராத்தான் ஓடுகிறவர்களை மட்டும்தான் சேர்ப்பேன். இதுவரை நாற்பத்து மூன்று பேர். எல்லோருக்கும் நான் மாஸ்டர். கறுப்புச் சட்டையின் முதுகில் ஒரே ஒரு வரி இருக்கும்: 'எங்களில் ஒருவரும் பாதியில் நின்றதில்லை.' அந்த வரியை எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆனது. காப்பாற்ற ஒன்பது வருஷம் ஆனது.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஓடும்போது யாராவது முடியவில்லை, நிற்கிறேன் என்றால் நாங்கள் திட்டுவதில்லை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார்கள். எதிரே தெரியும் விளக்குக் கம்பத்தைக் காட்டி, "அடுத்த கம்பம் வரைக்கும்" என்பார்கள். யாரால்தான் ஒரு கம்பம் ஓட முடியாது? கம்பம் வந்ததும் இன்னொரு கம்பம். அப்படியே நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் முடிந்துவிடும். பக்கத்தில் வருகிறவர் முழங்கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதற்கு அனுமதி உண்டு. நிற்க விடுவதற்குத்தான் அனுமதி இல்லை.

பேக்கரிக்காரர் எங்களிடம் வந்தபோது நூற்று நான்கு கிலோ. வயது நாற்பத்தாறு. இரண்டு முன்கையிலும் அடுப்பு சுட்ட கோடுகள், வரிக்குதிரை மாதிரி. குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரே மூச்சில் ஏற முடியாது என்பதால் அவர் மனைவி இரண்டாவது மாடி வளைவில் ஒரு மர நாற்காலி போட்டு வைத்திருந்தார். தினமும் அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

நல்ல மனிதர். அதை நான் மறுக்கவில்லை. முதல் நாளே, "நான் ஓடினா தரை அதிரும் மாஸ்டர், வீட்டுக்குள்ள இருக்கறவங்க எல்லாம் வெளிய ஓடி வந்துருவாங்க" என்றார். எங்கள் குழுவில் இருக்கும் தபால்கார அக்கா விடவில்லை. "வரட்டும்ணே, எனக்கு ஒவ்வொரு வீடா ஏறி லெட்டர் குடுக்கற வேலை மிச்சம்" என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். மூன்றாவதாகப் பல் டாக்டர். ஓடும்போதுகூட யார் சிரித்தாலும் பல்லைத்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் பேக்கரிக்காரர் எங்கள் எல்லோருக்கும் சூடாக பன் கொண்டுவருவார், தான் மட்டும் தொட மாட்டார். நான் தடுத்திருந்தேன்.

பதினோரு மாதத்தில் இருபத்தாறு கிலோ இறக்கினேன். ஆம், நான்தான் இறக்கினேன். ஒரு நாள் குழுவுக்கு ஒரு படம் அனுப்பினார். மாடிப்படி வளைவு, வெறும் தரை. நாற்காலியை வீட்டுக்குள் எடுத்துப் போட்டாயிற்று. அன்று மாலை அவர் மனைவி போன் செய்து, "நீங்க நல்லா இருக்கணும் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அழுதார். பந்தயம் நடத்துகிறவர்கள் அவருடைய பழைய படத்தையும் புதுப் படத்தையும் பெரிதாக அச்சடித்து மைதான வாசலில் வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் என் படம்.

இப்போது ஈ.சி.ஜி. விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் பந்தயத்துக்கு முன்னால் ஈ.சி.ஜி. எடுத்துக் கொடுக்க வேண்டும், பந்தயத்தின் டாக்டர் பார்த்துச் சரி என்றால்தான் ஓட முடியும். எங்கள் குழுவில் என்னுடையதையும் சேர்த்து எல்லாவற்றையும் நான்தான் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். எடுப்பது தெருமுனையில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே இருக்கும் பெண் நீளத் தாளை மடித்து, பெயர் எழுதிய சீட்டை மேலே ஒட்டிக் கொடுப்பாள். அந்த முறை பேக்கரிக்காரருடைய தாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். "சார், இவரை உடனே ஒரு இதய டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. ஓட்டம் கீட்டம் எல்லாம் இப்ப வேண்டாம்" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

காருக்குள் உட்கார்ந்து அரை மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்தேன். எனக்கு அது புரியாது. கோடுகள். சில கோடுகளுக்காகப் பதினோரு மாதத்தைத் தூக்கிப் போடுவதா? அவர் மறுபடி நாற்காலியில் போய் உட்காருவதா? தொடங்காமல் விட்டவனும் என் கணக்கில் நின்றவன்தான். சீட்டுகளை ஈரக் கைக்குட்டையால் நனைத்து உரித்தேன். அவர் பெயரை என் தாளில் ஒட்டினேன். என் பெயரை அவர் தாளில் ஒட்டினேன்.

ஒன்றைக் கவனியுங்கள் மேடம். என் தாளையே இரண்டாக நகல் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அது மோசடி. நான் அப்படிச் செய்யவில்லை. அவருக்கு ஓட வழிவிட்டு, எனக்கு வந்த தடையை நான் ஏற்றுக்கொண்டேன். மூன்று நாள் கழித்து பந்தய டாக்டர் எனக்குப் போன் செய்தார். நான் ஓடவே கூடாது, மாடிப்படிகூட மெதுவாக ஏற வேண்டும், நாளைக்கே மருத்துவமனையில் சேர வேண்டும் என்றார். சரி டாக்டர் என்றேன். அது என் பத்தாவது மராத்தான். அவருக்காக விட்டுக்கொடுத்தேன். யார் செய்வார்கள்? குழுவினரிடம் எனக்கு ஆடுசதை பிடித்துக்கொண்டது, இந்த முறை சைக்கிளில் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு பேக்கரிக்காரர் என் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். மாவு அப்பிய சட்டையோடு நின்றார்.

"மாஸ்டர், ரெண்டு நாளா படி ஏறறப்ப இங்க ஒரு மாதிரி இறுக்கிப் பிடிக்குது. ரிப்போர்ட்ல ஏதாவது இருந்துச்சா?"

"டாக்டர் பார்த்துட்டாரு. பத்து வருஷமா ஓடறவன் இதயம் மாதிரி இருக்காம்" என்றேன்.

அதில் பொய் இல்லை. டாக்டர் பார்த்தது பத்து வருஷமாக ஓடுகிறவனுடைய தாள்தான்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா. வீட்டுல பயந்துபோய் நாற்காலிய மறுபடி வெளிய போட்டுட்டா. போய் எடுக்கச் சொல்றேன்" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

பந்தயத்தன்று முப்பது கிலோமீட்டர் வரை நன்றாகத்தான் ஓடினார். இந்தப் பக்கம் தபால்கார அக்கா, அந்தப் பக்கம் பல் டாக்டர், பின்னால் சைக்கிளில் நான். முப்பத்து மூன்றில் முதல் தடவை நிற்கிறேன் என்றார். அடுத்த கம்பம் என்றோம். முப்பத்தாறில் உதடு வெளுத்துவிட்டது, இடது கையை உதறிக்கொண்டே ஓடினார். தபால்கார அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "போதும் மாஸ்டர், அண்ணனுக்கு என்னமோ பண்ணுது, விட்டுருவோம்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பந்தய டாக்டரே சரி என்று சொன்ன ஆளை நீ ஏன் பலவீனமாக்குகிறாய் என்று கேட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் என்ற வார்த்தைக்கு அந்த மரியாதை உண்டு. அதற்குப் பிறகு அவளே கம்பங்களைக் காட்டினாள், அழுதுகொண்டே. அவள்மேல் வழக்குப் போடாதீர்கள். அவளுக்கு எதுவும் தெரியாது.

ஆறு மணி நேரத்தில் முடிவுக் கோட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் முடித்ததாகக் கணக்கில்லை. கடைசி அரை கிலோமீட்டரில் தடுப்பு இருந்ததால் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நானும் இறங்கி ஓடினேன். மணிக்கூண்டு மாதிரி உயரத்தில் நேரம் தெரிந்தது. ஓட்டம் தொடங்கி ஐந்து மணி நேரம் ஐம்பத்து மூன்று நிமிடம். முந்நூறு மீட்டர் பாக்கி. அவர் அப்போது கம்பத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. அப்படியே முழங்கால் மடிந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தார்.

பல் டாக்டர் உடனே அவர் மார்பில் கையை வைத்து அழுத்த ஆரம்பித்தார். தலையைத் தூக்காமலே, "மாஸ்டர், முன்னாடி இடது பக்கம் மருத்துவக் கூடாரம் இருக்கு. ஓடுங்க" என்றார். அவர்கள் இரண்டு பேரும் போன் கொண்டுவரவில்லை. என் சட்டைப் பையில் போன் இருந்தது. நீங்கள் இதைக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

நேரம் பதியும் சிப்பை ஷூ கயிற்றில் கோத்துக் கட்டுவோம். ஓட்டத்தில் அவிழாமல் இருக்க இரட்டை முடிச்சு. அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான் என்பதால் அவிழ்க்கச் சிரமமில்லை. தபால்கார அக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். ஷூவைத் தளர்த்துகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். சிப்பைக் கைக்குள் மூடிக்கொண்டு ஓடினேன்.

மருத்துவக் கூடாரம் இடது பக்கம்தான் இருந்தது. வெள்ளைத் துணி, வாசலில் இரண்டு நர்சுகள், ஒரு தள்ளுவண்டி. ஒரு நர்ஸ் என்னைப் பார்த்துக் கை தட்டினாள். நான் தாண்டிப் போனேன். திரும்பி வந்து சொல்லலாம், கோடு காத்திருக்காது. ஐந்து மணி நேரம் ஐம்பத்தைந்து நிமிடம் நாற்பது விநாடி. கோட்டைத் தாண்டியதும் மெடல் வாங்க வரிசை. எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். நானும் நின்றேன். வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்க் கூடாரத்தில் சொன்னேன். ஏழு நிமிடம் என்று உங்கள் வீடியோ சொல்கிறது. நான் ஐந்து என்று நினைத்திருந்தேன். ஏழு என்றால் ஏழுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வராந்தாவில் அவர் மனைவியிடம் மெடலைக் கொடுத்தேன். முடித்துவிட்டார் என்று சொன்னேன். அவர் அதை வாங்கவில்லை. "இது யாருக்கு வேணும் மாஸ்டர்? அந்த நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்தாவது வீட்டுக்கு வந்துட்டு இருந்தாரே" என்றார். துக்கத்தில் பேசுகிறார், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் போகட்டும். என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

கோட்டில் இருக்கும் கேமரா, சிப் தாண்டும்போது தானாகப் படம் எடுக்கும். அவருடைய எண்ணுக்கு வந்த படத்தில் என் முகம் இருக்கிறது என்று அதை மேசைமேல் வைத்தீர்கள். அதில் நான் சிரிப்பதாகவும் சொன்னீர்கள். கோட்டைத் தாண்டும்போது எல்லோரும் சிரிப்பார்கள் மேடம், நீங்கள் ஒரு தடவை ஓடிப் பாருங்கள்.

அவரைக் கொன்றேனா என்று கேட்டீர்கள். தாளை மாற்றினேன். நிற்கிறேன் என்றவரை நிற்க விடவில்லை. கூடாரத்தைத் தாண்டிப் போனேன். இதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பெயரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் காலையில் நீங்கள் எழுதியதில் 'பந்தயத்தை முடிக்காமலே இறந்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. அது தவறு. அதை அடித்துவிட்டு அவருடைய நேரத்தை எழுதுங்கள், ஐந்து ஐம்பத்தைந்து நாற்பது. எங்களில் ஒருவரும் பாதியில் நின்றதில்லை. திருத்திவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.