விருதுப் பட்டியலில் நான் அடித்த பெயர்

மேடையிலிருக்கும் விருதுக்குழு உறுப்பினர்களே, மகனைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தணிகாசலம் ஐயா, காந்தா அம்மா, பிள்ளையார்பாளையத்துப் பெரியோர்களே, இரு கல்லூரி மாணவச் செல்வங்களே! வணக்கம் சொல்லவே கூசுகிறது, சொல்கிறேன்.

நான் குமரகுரு, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியன். அமைதிக்கும் மனித உரிமைக்கும் பாடுபடும் மாணவருக்கு ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கிறோமே, அதன் குழுத் தலைவனாக இன்று காலை வரை இருந்தவன். கத்திக்குத்தில் இறந்த மாணவர் கலைவாணனைப் புகழ என்னை அழைத்திருக்கிறீர்கள். புகழ எனக்கு என்ன தகுதி?

காலை ஏழே முக்கால் பேருந்து உங்களுக்குத் தெரியும். முன்படியில் ஒரு கல்லூரி, பின்படியில் இன்னொரு கல்லூரி. பாட்டுப் போட்டியாகத் தொடங்கும், கல்வீச்சில் முடியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முன்படிக்குத் தலைவன் கலைவாணன்தான். மறைக்கவில்லை. பின்படியில் வந்த ஜோசுவாவின் மண்டையை உடைத்தவனும் அவன்தான். பதினான்கு தையல். வழக்கும் பதிவானது.

ஜாமீனில் வந்தவன் நேரே மருத்துவமனைக்குப் போனான். ஜோசுவாவின் தாய் எல்லம்மாள் செருப்பால் அடித்தார். வாங்கிக்கொண்டான். மறுநாளும் போனான். அதன்பின் அந்தப் பேருந்தில் இரண்டு படிகளுக்கும் நடுவே நின்றான். ஒரு நாளா, இரண்டு நாளா? ஒன்றரை ஆண்டு! ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

இந்த ஆண்டு அவன் பெயரை விருதுக்கு எழுதி அனுப்பியது யார்? ஜோசுவா! நேர்காணலில், "உன் பேரில் வழக்கு இருக்கிறதே தம்பி?" என்று கேட்டேன்.

"இருக்குது சார். அடிச்சவன் நான்தான். இன்னொருத்தன் அத செய்யக் கூடாதுன்னுதான் நடுவுல நின்னுக்கினு போறேன்."

வெளியே நின்ற ஜோசுவா உள்ளே வந்தான். "அடி வாங்கினவன் நானே சொல்றேன், குடுங்க சார். அவன் பழைய ஃப்ரெண்ட்ஸே அவன துரோகின்றாங்க. நீங்க கூப்ட்டு மேடையேத்தினா கொஞ்சமாச்சும் மதிப்பாங்க."

கேட்டேன். கேட்ட பிறகும், வழக்குள்ளவருக்கு விருதில்லை என்ற விதியைக் காட்டி அவன் பெயரை என் பேனாவால் அடித்தேன்.

மூன்றாம் வாரம், அதே பேருந்தில் ஒருவன் கத்தியை எடுத்தான். கலைவாணனின் பழைய கூட்டாளி. குறி ஜோசுவா. குறுக்கே போனவன் கலைவாணன். மருத்துவமனை சேருமுன் உயிர் போய்விட்டது. குத்தியவன் சிறையில் இருக்கிறான். அவனுக்கும் வயது இருபதுதான்.

விருது கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா? தெரியாது. ஆனால் அப்படித் தனியாக நின்றிருக்க மாட்டான். அவனைத் தனியாக விட்டது யார்? நாங்கள்! நான்!

நேற்று, அன்று மறுத்த அதே விருதின் பட்டயமும் சால்வையுமாக அவன் வீட்டுக்குப் போனோம். காந்தா அம்மா தறியை விட்டு எழவில்லை.

"உசுரோட வந்து உங்க முன்னாடி நின்னான், அப்ப குடுக்கல. இப்ப இத வெச்சுக்கினு நான் இன்னா சார் பண்ணட்டும்? அந்த பஸ்ல இன்னும் பசங்க போய்க்கினுதான இருக்குறாங்க. அவங்கள பாருங்க."

பட்டயத்தைத் திருப்பி எடுத்து வந்தோம்.

அம்மா, அந்த விதியை இன்று நீக்கிவிட்டோம். நான் தலைவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். திங்கள் முதல் ஏழே முக்கால் பேருந்தில் நானும் ஏறுவேன். குழுவினர் நாளுக்கு ஒருவராக வருவார்கள். ஜோசுவாவும் வருகிறேன் என்கிறான். எனக்கு அறுபத்தெட்டு வயது. எதையும் தடுக்கும் பலமில்லை. ஆனாலும் நடுவில் நிற்பேன்.

மாணவர்களே, கலைவாணன் பெயரைச் சொல்லிக் கோஷம் போடாதீர்கள். பழிவாங்கப் போவதாக உங்களில் சிலர் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. யாரென்று கேட்க மாட்டேன். இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாய். திங்கட்கிழமை வெறுங்கையோடு வா, தம்பி. என் பக்கத்தில் நின்றுகொள்.