அடி வாங்கியவர் சொன்னால் போதும்

எண்பத்தேழில் ஒரு திங்கட்கிழமை, லா ஷப்பல் மெட்ரோ மேடையில் எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள். இளையவர் முதல்நாள் ஏதோ கோட்டைத் திருவிழாவில் கோப்பை கழுவியவர். மூத்தவர் அகதி விசாரணை முடிந்து வருகிறார் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் கையில் ஒரு பை நிறையக் கடதாசி.

“முப்பது வெள்ளையள், அண்ணை. இரும்புச் சட்டை போட்டு வாளாலை ஆளுக்காள் அடிபட்டவை.”

“என்ன கோவம்?”

“கோவமில்லை, போட்டி. பழங்காலச் சண்டையாம். எல்லாரும் ஒண்டா இறங்குவினம். அடி வாங்கினவர் வெளியிலை போகவேணும். கடைசியா நிக்கிறவர் வெண்டார்.”

“அடி விழுந்ததை ஆர் பாக்கிறது?”

“ஒருத்தருமில்லை. வாங்கினவர் தானே கையைத் தூக்கிச் சொல்லுவார்.”

“சொன்னா நம்புவினமோ?”

“ஓம். அவருக்குத்தானே தெரியும்.”

மூத்தவர் பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

“காயத்தைக் காட்டச் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“கடிதம் ஏதும்?”

“விளையாட்டுக்கு ஆர் அண்ணை கடிதம் கேக்கிறது?”

ரயில் வந்து நின்றது.

“விசாரணையிலை நான் சட்டையைக் கழட்டி முதுகைக் காட்டினனான்,” என்றார் மூத்தவர். “அடிச்சவனிட்டைக் கடிதம் வாங்கிக்கொண்டு வரட்டாம்.”