பழைய நடையிலேயே வந்த யானை

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். "நான் வரைஞ்ச யானையை ஜப்பான்ல ஒருத்தர் காசு குடுத்து வாங்கியிருக்காரு" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"எந்த யானைக்கா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

கல்யாணத்துக்கு முன் அவர் சென்னையில் யானை வரும் ஒரு வீடியோ கேமுக்குப் படம் வரைந்தவராம். அந்தக் கம்பெனி மூடியதும் கேமும் கிடைக்காமல் போனது. இப்போது வேறொரு கம்பெனி அதைத் தேடியெடுத்து, சிடி இல்லாமல் டவுன்லோடாக விற்க, படங்களின் உரிமை வைத்திருந்த இவரிடம் சம்மதம் கேட்டிருக்கிறது.

"படம் பழசா இருக்கு, மாத்திடலாம்னாங்க. அந்த நடைக்காகக் கோயில் யானை பின்னாடியே அலைஞ்சிருக்கேன். மாத்துறதா இருந்தா விக்கவே வேணாம்னுட்டேன்."

"அப்போ கேமே வேணாம்னு அவங்க போயிருந்தா?"

"போகட்டும்னுதான் இருந்தேன். ரொம்ப நாள் பேச்சே இல்ல. அப்பறம் அவங்களே கூப்பிட்டு, இருக்குறபடியே போடுறோம்னாங்க."

"பெரிய ஆளுதான்க்கா நீங்க. உங்க வீட்டுக்காரரு பாத்தாரா?"

"நேத்து டிவில போட்டு அவருதான் வெளையாடி முடிச்சாரு. கடைசில வேலை செஞ்சவங்க பேரெல்லாம் வரும். எங்கப்பா இனிஷியலோட என் பேரும் வந்துச்சு. அவரு டிவிய அணைக்காம பாத்துக்கிட்டே இருந்தாரு."