ஒரேயொரு ஸ்டார்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை இன்ஸ்பெக்டர் ஐயா. ஆரோக்கியதாஸை நீங்கள் விட்டுவிடலாம். ஸ்டேஷன் வாசலில் அவன் மனைவி கைக்குழந்தையோடு நிற்கிறாள். எனக்கும் மனசென்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆர்.எஸ்.புரத்துக் கிளினிக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது நான். அதற்குப் புரோகிராம் எழுதியவன் அவன். நோயாளி பெயரோடு, வேண்டிய பத்திகளின் பெயரையும் தட்ட வேண்டும்: வயது, ரத்த வகை, இப்படி. எதெதைக் கேட்போம் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. வருவதைப் பார்த்து, அதுவே தலைப்புப் போட்டு அச்சடித்துவிடும்.

"பத்தி பேருக்குப் பதிலா ஸ்டார் குறி மட்டும் போட்றாதீங்க்கா. அத்தன பத்தியும், டாக்டர் தனக்குன்னு எழுதி வெச்சதுகூட வந்து உழுந்துரும்" என்றான்.

நல்ல பையன். சொல்லாவிட்டால் எனக்கெப்படித் தெரியும்?

எங்கள் வீதி வரலட்சுமி மாதாமாதம் டாக்டரைப் பார்க்க வருவாள். "ஏனம்மணி, உடம்புக்கென்ன?" என்றால், "சத்து மாத்திரைக்குங்க்கா" என்பாள். ஒரே வீதியில் இருந்துகொண்டு இப்படியா ஒளிப்பது? ஸ்டார் போட்டுப் பார்த்தேன். வலிப்பு. சிறு வயதிலிருந்தே மாத்திரை.

அவளுக்கு மில்காரர் வீட்டில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து, "பொண்ணோட ரத்த குரூப் மட்டும் பார்த்துக் குடு கண்ணு. ரெண்டும் சேரலீன்னா கொழந்தைக்கு ஆகாதாமா" என்றார்.

அவர் கேட்டது ஒரு பத்தி. நான் ஸ்டார் போட்டேன். பிரிண்டர் கிறீச்சிட்டு ஓய்ந்ததும் தாளை மடித்துக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

நிச்சயம் நின்றுபோயிற்று. மறுவாரம் வரலட்சுமி வீட்டு வாசலில் சாமியானா போட்டார்கள், கல்யாணத்துக்கு இல்லை. நானும் போய் அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

டாக்டர் விசாரித்தபோது, "மிஷின் தானா அடிச்சுப்போடுச்சுங்க, பையன் எழுதுனது சரியில்லீங்க" என்றேன். அவரும் நம்பி அவனை உங்களிடம் பிடித்துக் கொடுத்தார்.

ஆக, தட்டிய கை என்னுடையதுதான். தெரிந்தேதான் தட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வம்பு பேசினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அங்கே வருகிற எல்லோருடையதையும் பார்த்திருக்கிறேன். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. உங்கள் வீட்டம்மா போன மாதம் உங்களுக்குத் தெரியாமல் வந்துபோனதைக்கூட, நீங்களாகக் கேட்கிற வரைக்கும் நான் சொல்லப்போவதில்லை.