எட்டு ஊர், ஒரு டிரம்

— எட்டு ஊர்லயும் ஒரே நீல டிரம்மாலே? சொல்லு பெனிஸ்டன், கேக்கேன்லா.

— எந்த டிரம், சத்தியாக்கா?

— இந்தா, நீ எடுத்த போட்டோதான். முதல் ஊர், இலைக்குப் பின்னால மூடி ஒடஞ்ச நீல டிரம். மூணாவது ஊர், அதே டிரம். ஏழாவது ஊர்ல டிரம் மேல ஒரு பூனை வேற. டிரம்மும் உன்கூட ஜீப்ல ஏறி வந்துச்சோ?

— இல்ல.

— இல்லன்னா?

— டிரம் வரல.

— உன்கூடப் பேசுனா பி.பி. மாத்திரை ஒண்ணுக்கு ரெண்டு முழுங்கணும் நான். ஏல, மூணு மணிக்கு வாசுதேவன் சார் ரூம்ல போயி நிக்கணும். விவசாயத் துறைக்காரங்க வாராங்க. மூணு வருஷமா அந்த மனுஷன் என்ன சொல்லுதாரு? இந்தப் பக்கம் தக்காளி, உருளை எல்லாத்தையும் கருக்குறது ஒரே கிருமியோட நகல்தான், ஒரே மருந்து போதும்ங்காரு. நான் இல்லங்கேன். சத்தியவதிக்குக் கற்பனை ஜாஸ்தின்னு மீட்டிங்ல சிரிக்காரு. இன்னைக்குத்தான் என் கையில சாட்சி இருக்கு. எட்டு ஊர், இலை அமுக்குன அட்டை நாப்பது, அதுல பதினோரு வகைக் கிருமி. ரிசல்ட்டைப் பாத்துட்டு பாத்ரூம்ல போயி அழுதேன், கேட்டியா. சரி, போட்டோவையும் ஒட்டுவோம்னு தொறந்தா, டிரம்!

— அச்சா.

— என்னலே அச்சா? இந்த ஊர்ப் பேச்சை விட்டுட்டுத் தமிழ்ல சொல்லு.

— மத்லப்... புரியுது.

— புரிஞ்சா வாயத் தொற. எட்டு ஊருக்கும் போனியா, போகலையா?

— போனேன்.

— லாக்புக்கும் அப்படித்தான் சொல்லுது. ஊர் ஊரா நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க. அப்ப போட்டோ?

— இலை எல்லாம் ஒரே எடத்துல எடுத்தது.

— எல்லாம்னா எத்தனை?

— நாப்பதும்.

— ஏசப்பா... எந்த எடத்துல?

— மாமா நெலம். ஜுன்னர் பக்கம்.

— ஆபிரகாம் அண்ணன் நெலமா? உன் மாமனாரு, நம்ம தீபா அப்பா?

— ஹான்... ஆமா.

— ஃபேக்டரியில ரிட்டயர் ஆன மனுஷன் காட்கி வீட்ல சும்மா இருக்கப்படாதா! சரி, அவரு என்னமும் பண்ணட்டு. உனக்கு என்ன கேடு?

— ஆள் வரலன்னு போன் பண்ணாரு. தனியா இருக்காரு. போனேன்.

— ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லீவு தந்திருப்பேன்லா.

— லீவு வேணாம் அக்கா. தீபா இல்லாத வீட்ல இருந்து என்ன பண்றது.

— ...அத இப்பச் சொல்லாத. இப்ப நான் உன்மேல கோவமா இருக்கேன். என் கோவத்தைக் கெடுக்காத.

— சரி.

— ஒரே வயல்ல நாப்பது இலையையும் பறிச்சு, அட்டையில வச்சு அமுக்கி, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஊர் பேரு. அதுவும் எப்படி? மணி மணியா, முத்து முத்தா! களவுக்கு இம்புட்டு அழகா கையெழுத்து எதுக்கு?

— அழிச்சுடட்டுமா?

— என்னத்த அழிப்ப? போயி வாசுதேவன் சார் சிரிப்பை அழிச்சிட்டு வா. எட்டு ஊர்ல பதினோரு வகைன்னு நான் சொல்லணும், டிரம்மைப் பாத்து அவரு கேப்பாரு, மேடம் இது எட்டு ஊரா, ஒரு கொல்லையான்னு. மூணு வருஷம், பெனி. ஒரு கொல்லை... இரு.

— என்ன அக்கா?

— பேசாத. ஒரே வயல்னு சத்தியமாச் சொல்லுதியா? வேலிக்கு அந்தப் பக்கம் போகலையே?

— போகல. அரை ஏக்கர்தான். டிரம்மைச் சுத்தி எடுத்தேன்.

— அரை ஏக்கர்ல பதினோரு வகை. அதுல ரெண்டு பிரிவும் இருக்குலே.

— எந்த ரெண்டு?

— இத்தனை நாள் இந்த லேப்ல என்னத்தப் பொறுக்குன? இந்தக் கிருமியில ரெண்டு பிரிவு உண்டு. ஒரு பிரிவு மட்டும் இருந்தா, அது தன்னையே நகல் எடுத்துக்கிட்டுக் கெடக்கும். செடி போனா, கெழங்கும் அழுகிப்போனா, அதுவும் போச்சு. ரெண்டும் ஒரே வயல்ல சேந்துச்சுன்னா குட்டி போடும். குட்டி அப்பன் மாதிரியும் இருக்காது, ஆத்தா மாதிரியும் இருக்காது, ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. அதோட வித்து தடிச்ச தோலோட மண்ணுல வருசக்கணக்காக் கெடக்கும். நேத்து கேட்ட மருந்தை இன்னைக்குக் கேக்காது.

— அப்ப நல்லதா, கெட்டதா?

— எனக்கு நல்லது, உலகத்துக்குக் கெட்டது. எட்டு ஊர்ல பதினோரு வகைன்னா, காத்துல வந்துச்சு, சந்தை மூட்டையில வந்துச்சுன்னு வாசுதேவன் சார் தப்பிச்சுக்குவாரு. அரை ஏக்கர்ல பதினோண்ணுன்னா வாயத் தொறக்க முடியாது. உன் களவை நானே முதல்ல சொல்லிருதேன். அட்டை பொய், வயல் நெசம்னு. இன்னொரு தடவை எடுத்து நிரூபிக்கேன்.

— என் வேலை போயிடுமா?

— அதைப் பொறவு பாப்போம். முதல்ல அண்ணனுக்குப் போன் போடு. நாளைக்கு நான் வந்து மறுபடி அட்டையில எடுத்ததும், செடி அத்தனையையும் வேரோட புடுங்கிக் குழி வெட்டிப் பொதைக்கச் சொல்லு. அந்த மண்ணுல இனி தக்காளியும் வேண்டாம், உருளையும் வேண்டாம். முக்கியமாச் சொல்லு, அந்த எடத்துலேர்ந்து ஒரு இலை, ஒரு தழை வேலி தாண்டப்படாது. நல்லவேளை, அங்கனக்குள்ள மட்டும் கெடக்கு. என்னலே, போனைக் கையில வச்சுக்கிட்டு முழிக்க?

— அக்கா...

— சொல்லித் தொலை.

— நான் எட்டு ஊருக்கும் போனது நெசம்.

— அதான் எனக்கு வெளங்கல! ஜீப்பை ஓட்டிக்கிட்டு அத்தன தூரம் போனவன், அங்கங்க அஞ்சு இலையைப் பறிச்சா கை ஒடிஞ்சா போயிரும்? எதுக்குல போன பின்ன?

— அங்க தக்காளிச் செடியே இல்ல அக்கா. உழுது போட்டிருந்தாங்க. மாமா தன் வயலோரமா வளத்த தக்காளி நாத்துக்குத்தான் அந்த ஊர்க்காரங்க காத்திட்டு இருந்தாங்க. எட்டு ஊர்லயும் நான்தான் நாத்தை ஜீப்ல கொண்டு போயி எறக்கிக் குடுத்தேன்.