யாரும் கேட்காத தகவல்கள்

எனக்குக் காத்திருப்பது பிடிக்காது. பேருந்து தாமதமானால் நடந்தே போய்விடுவேன். மருத்துவமனையில் மருந்து ஆலோசனை சொல்லும் கணினி நிரலை வேகப்படுத்தச் சொல்லி என்னிடம் ஒப்படைத்ததற்கும் அதுதான் காரணம்.

எந்த மருந்தோடு எந்த மருந்து சேரக்கூடாது என்று லட்சக்கணக்கான தகவல்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் முதல் தகவலிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போகும். "இது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நோயாளிக்கு முடி நரைச்சிடும்" என்றார் தலைமை மருத்துவர், எல்லோர் முன்னாலும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என்கீழ் வேலை பார்த்த பெண் ஒரு வழி சொன்னாள். "சார், மருந்துப் பேர் வாரியாப் பிரிச்சு வச்சுட்டா அந்த இடத்துல மட்டும் தேடும். எதையும் அழிக்க வேணாம். கொஞ்சம் டைம் குடுங்க." சரியான வழிதான். ஆனால் அது அவள் வழி. நான் ஒரே மதியத்தில், வருடக்கணக்காக யாரும் கேட்காத தகவல்களையெல்லாம் அழித்தேன். நிரல் பறந்தது. அதே மருத்துவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இந்த வகை நிரலுக்கு 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது. தகவல் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்றே அடித்துச் சொல்லும். மருந்தகத்து அக்கா ஒருநாள் கேட்டார்: "தம்பி, அதுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடும்ல?"

"சொல்லிடும்க்கா" என்றேன்.

பிறகு அக்காவின் கணவரையே எங்கள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் அபூர்வமான ஓர் இதய மருந்து சாப்பிடுபவர். புதிதாக எழுதிக் கொடுத்த மாத்திரையோடு அக்கா தயங்கி நின்றார். "ரெண்டும் சேரக்கூடாதுன்னு எங்கயோ படிச்ச ஞாபகம், தம்பி."

அழித்தவற்றில் அந்த ஜோடியும் ஒன்று. எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் பக்கத்தில் தலைமை மருத்துவர் நின்றார். வாயைத் திறந்திருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும்.

"சிஸ்டத்தையே கேளுங்கக்கா" என்றேன்.

ஆபத்து இல்லை என்றது. அக்கா தன் கையாலேயே மாத்திரையைக் கொடுத்தார். மாலைக்குள் கணவரின் உயிர் போய்விட்டது.

விசாரிக்க வந்த நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். எழுதிக் கொடுத்தது மருத்துவர், ஊட்டிவிட்டது மனைவி. என் வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள். பதில் வர ஒரு நொடிகூட ஆகவில்லை. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.