கடைசியாக எப்போது தொலைந்தார்?

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, சார். எங்கள் வகுப்பில் கிடந்தவை முதுகை ஒடித்துவிடும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான வகுப்பு அது. இருந்த வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

என் யோசனை எளிமையானது. ஞாபகம் தப்பிய பெரியவர்கள் வழி தவறிப் போனால், இருக்கும் இடத்தை வீட்டாருக்குக் காட்டும் ஒரு கைப்பட்டை. பாடம் எடுத்தவர் கறாரான பெண்மணி. "வாங்குவீங்களான்னு யார்கிட்டயும் கேக்காதீங்க. உங்க முகத்துக்காக ஆமான்னு சொல்லிடுவாங்க. கடைசியா எப்போ அந்தக் கஷ்டம் வந்துச்சு, அப்போ என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க" என்றார். பொருளைச் செய்வதெல்லாம் அதற்குப் பிறகுதானாம்.

கீழ்வீட்டில் தையல்கார அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு மறதி நோய். என்னைப் பார்த்தால் தன் தம்பி என்றே நினைப்பார். முதலில் அக்காவிடம்தான் போனேன்.

"அப்பா கடைசியா எப்போக்கா தொலைஞ்சு போனாரு?"

"வாயக் கழுவு. அவரு எங்க தொலையறது? சோபாவ விட்டு எந்திரிச்சாலே பெரிய விஷயம்."

மனம் நொந்துவிட்டது. கேள்வி சரியான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல அக்காவிடம் ஒரு கடைசித் தடவையே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அதனால் பெரியவரை நடக்க அழைத்துப் போனேன். "எங்கடா போறோம் தம்பி?" என்றார். "சும்மா ஒரு ரவுண்டு" என்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, நான் இறங்கிக்கொண்டேன். மழை வரும்போல் இருந்தது என்று என் குடையையும் கொடுத்தேன். அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி உண்டு.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. எப்போது கவனித்தீர்கள், முதலில் யாரைக் கூப்பிட்டீர்கள், எங்கெல்லாம் தேடினீர்கள் என்று பொறுமையாகக் கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டார். அப்படியொரு பேட்டி எங்கள் வகுப்பில் யாருக்குமே அமையவில்லை. கடைசியில் என் பட்டையைப் பற்றிச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வந்ததும் கட்டிவிடுறேன், அந்தப் பட்டைய இப்பவே குடுப்பா. என்ன விலைனாலும் தர்றேன்" என்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது, முதல் வாடிக்கையாளர் அல்லவா? பட்டையை இன்னும் செய்யவே இல்லை என்று அவருக்குப் புரியவைப்பதுதான் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

பெரியவரை உங்கள் போலீஸ்காரர்கள் பஸ் பணிமனையில் கண்டுபிடித்ததைக் கேட்டதும் நிம்மதியாகிவிட்டது. தம்பி வந்து கூட்டிப்போவான் என்று, குடையை மடியில் வைத்துக்கொண்டு எழவே மாட்டேன் என்றாராமே. பாவம், நல்ல மனிதர்.

ஆனால் ஒருவர் சொன்னதை மட்டும் நம்பித் தொழில் தொடங்கினால் தெருவில்தான் நிற்க வேண்டும், சார். என் அம்மாவை அண்ணன்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். அம்மாவுக்கும் இப்போதெல்லாம் மறதி அதிகம். இன்று காலை அவரை ரயிலேற்றிவிட்டுத்தான் இங்கே வந்தேன். அண்ணனிடம் நாளைக்குப் பேச நேரம் கேட்டிருக்கிறேன். எந்த ரயில் என்பதை, அவன் பேட்டி முடிந்ததும் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.